கடைமடை விடுதிக்கு நெட் பாய்ந்த விதம்

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் ஆனி மாதத்திலிருந்து செம்மங்கரைக் கல்லூரியில் இன்டர்நெட்டை அம்சம் மண்வெட்டியால் வெட்டித்தான் பாய்ச்சிவருகிறாள். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அவர்களுக்கும் சேர்த்துத்தான் வருகிறது.

அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் அந்த வேலையைப் பார்த்தவர் சிவசாமி. கதவில் 'சிஸ்டம் அட்மின்' என்று பலகை மாட்டிய அறை அவருடையது. வளாகத்தின் ஒவ்வொரு வயரும் அவர் கையால் இழுத்தது. ஃபேன் சத்தத்தைக் கேட்டே எந்த கம்ப்யூட்டருக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். இருந்தும் கிழக்குக் கோடியிலிருந்த பெண்கள் விடுதிக்கு மட்டும் நெட் போய்ச் சேரவேயில்லை. வயரை மூன்று முறை மாற்றினார், பெட்டியை மாற்றினார், ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய்கூட உடைத்தார். ம்ஹூம். லேப் உதவியாளராக வந்த அம்சம், சேர்ந்த மூன்றாம் நாள் சர்வர் அறைக்குள் போனாள். அந்தக் கல்லூரியே பழைய மிராசுதாரின் வயலில் கட்டியது; சர்வர் அறை இருந்த இடத்தில்தான் அவருடைய மதகுக் கொட்டகை இருந்தது. பெட்டிகளுக்குப் பின்னால் சிமென்ட் பெயர்ந்து எந்நேரமும் சேறு கசியும். தோட்டக்காரரிடம் மண்வெட்டி வாங்கி, இரண்டு வெட்டு மண்ணை இடப்பக்கம் எடுத்துப் போட்டாள். ஒரு டீ கொதிக்கும் நேரத்தில் விடுதிப் பெண்கள் கைதட்டிக் கூச்சலிட்டார்கள். சிவசாமி ஓடிப்போய் வயரைத் தடவிப் பார்த்தார். ஈரமில்லை.

அன்றிலிருந்து மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமைதான், வேறென்ன? "அந்தப் பொண்ணுக்கிட்டயே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டா என்னங்க?" என்று மனைவி தங்கம்மாள் கேட்டதற்குத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். வேறு யார் மகளாக இருந்திருந்தாலும் இத்தனை எரிந்திருக்காது; அவள் வீரையன் மகள். கூலி நெல் அரைப்படி கூடக் கேட்டு பண்ணை ஆட்கள் செங்கொடி நட்ட வருஷத்தில், மிராசுதாரின் காரியஸ்தராக இருந்தவர் சிவசாமியின் அப்பா இராஜாங்கம். ஆட்களின் குத்தகை வயல்கள் கிடந்த, வாய்க்காலின் கடைசிக் கோடியான கடைமடைக்குத் தண்ணீரை அவர் பதினெட்டு நாள் அடைத்தார். கடைமடையில் நின்று தண்ணீர் வந்ததும் குரல் கொடுப்பது வீரையன் வேலை. பதினெட்டு நாளும் அவர் காலையில் நின்று "வரலீங்க" என்று கத்தினார். இராஜாங்கம் குடைக்கடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு உச்சவரம்புச் சட்டத்தில் நிலம் பிரிந்தது, ஆட்சிகள் மாறின, கல்லூரி வளைவு இரண்டு தடவை நிறம் மாறியது. அந்த வீரையன் மகளைத்தான் இப்போது எல்லோரும் எதற்கெடுத்தாலும் கூப்பிட்டார்கள். கல்லூரிக்குத் தரம் போடும் மதிப்பீட்டுக் குழு வந்துபோனதும் பலகையை அம்சம் கதவுக்கு மாற்றப்போவதாகப் பிரின்ஸ்பால் அமிர்தலிங்கம் ஸ்டாஃப் ரூமிலேயே சொல்லிவிட்டார்.

குழு வந்த அன்று அம்சம் அக்கா மகளின் காதுகுத்துக்காக மதியம்வரை பர்மிஷன் போட்டிருந்தாள். "சார், நான் வர்ற வரைக்கும் மடையில கை வச்சிராதீங்க. நாளைக்கு வரத்து ஜாஸ்தி" என்று முந்தின நாளே சொல்லிவிட்டுத்தான் போனாள். இவள் எனக்குச் சொல்வதா என்று அந்த ஒரு வார்த்தையையே சிவசாமி விடிய விடிய மென்றுகொண்டிருந்தார். அவள் எப்போதும் கடைமடை விடுதிக்கு முதல் முறை வைப்பாள், பிரின்ஸ்பால் அறைக்குக் கடைசி முறை. இவர் மண்வெட்டியை எடுத்துப் பிரின்ஸ்பால் அறைப்பக்கத் தலைமடையை முழுசாகத் திறந்துவிட்டார். வரத்து நாளில் வடிகாலைத் திறந்த பிறகே தலைமடையைத் தொட வேண்டும் என்பது ஆட்கள் தெருவில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். குடைக்கடியில் வளர்ந்த வீட்டுக்கு அது எப்படித் தெரியும்?

பத்தே கால் மணிக்குப் பிரின்ஸ்பால் அறையில் நெட் முழங்கால் அளவுக்கு நின்றது. நிறமில்லை, நனைக்கவில்லை, லேசான சூடு மட்டும். தேர்வு முடிவுகளும் யார் வீட்டுக் கல்யாண போட்டோக்களோ மிதந்து வந்தன. குழுவினர் மூவரும் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு நாற்காலிமேல் ஏறினார்கள். கொஞ்ச நேரத்தில் நாற்காலிகளே மிதந்தன. பொய்யென்றால் சுவரில் கறைக்கோடு இன்னும் இருக்கிறது, போய்ப் பாருங்கள். விஷயம் கேள்விப்பட்டுப் பாதியிலேயே திரும்பிவந்த அம்சம், பட்டுப்புடவையை வரிந்துகட்டி வடிகாலை வெட்டிவிட்டாள். எல்லாம் கடலுக்குப் போயிற்று. மூன்று நாள் மீனவர் வலைகளில் ஊர்பேர் தெரியாத ஈமெயில்கள் ஏறின.

"எவன்யா மடையத் தொறந்தது?" என்றார் பிரின்ஸ்பால். அம்சம் சிவசாமி கையிலிருந்த சேற்றைப் பார்த்தாள். "நான்தான் சார். நேத்து சரியா அடைக்காமப் போயிட்டேன்" என்றாள்.

அவள் திட்டியிருந்தால் சிவசாமி நிம்மதியாக வெறுத்திருப்பார். இப்படிச் சொல்ல அவளால் முடிந்ததே என்பதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. "பொய் சார். தொறந்தது நான்" என்றார். யோக்கியர் என்பதால் அல்ல. அந்தப் பேரும் அவளுக்கே போய்விடக் கூடாது என்பதற்காக.

பலகை இடம் மாறியது. அவரை வேலையை விட்டே அனுப்பப் பார்த்தவர்களை அம்சம்தான் தடுத்தாள். "கடைமடையில ஒரு ஆள் வேணும் சார். வந்துச்சா வரலையான்னு குரல் குடுக்கணும். வயரெல்லாம் தெரிஞ்சவரு இவருதான்." சிவசாமி மறுத்துப் பார்த்தார், இரண்டு நாள் லீவும் போட்டுப் பார்த்தார். மூன்றாம் நாள் காலையில் விடுதி வாசலில் போய் நின்றார். கம்ப்யூட்டர்களெல்லாம் பளிச்சென்று திறந்துகொண்டன. அவர் வயரைத் தடவிக்கொண்டே நின்றார். அங்கே சர்வர் அறையில் அம்சம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு காத்திருந்தாள். கல்லூரி முழுக்கக் காத்திருந்தது. கடைசியில், "வந்துருச்சு!" என்று கத்தினார்.

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. அவள் மண்வெட்டி பிடிக்கிற லாகவத்தைப் பார்த்தால் இன்றைக்கும் அவருக்கு வயிறு எரிகிறது. ஆனால் தினமும் ஒன்பது மணிக்கு அந்தக் குரல் பஸ் ஸ்டாப்வரை கேட்கிறது. அதைக் கேட்டுத்தான் பிரின்ஸ்பால் கம்ப்யூட்டரைப் போடுகிறார். அதைக் கேட்ட பிறகுதான், எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் வீரையன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வயலுக்கு எழுந்து போகிறார்.