பேரிக்காய் சீவும் கத்தி

மதிவதனிக்கு இரண்டாவது கீமோ முடிந்த வாரத்தில் சோறு இறங்குவது நின்றுபோனது. இட்லியைப் பார்த்தாலே குமட்டியது. பழம் மட்டும் மெல்லிசாகச் சீவிக் கொடுத்தால் இரண்டு மூன்று துண்டு வாயில் போட்டுக்கொள்வாள். வீட்டிலிருந்த எவர்சில்வர் கத்தியோ பழத்தைச் சீவாமல் நசுக்கியது.

அவள் கணவர் தட்சிணாமூர்த்தி ஆவடி தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக லேத் ஓட்டுகிறவர். இருவருக்கும் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். குழந்தைகள் இல்லை. மருத்துவமனையில் எதுவும் அவர் கையில் இல்லை. நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார், சொன்ன பெஞ்சில் உட்கார்ந்தார். நல்ல கத்தி ஒன்று வாங்குவதாவது தன்னால் முடிகிற காரியம் என்று நினைத்தார். சென்னீர்குப்பத்தில், நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு பட்டறையில் லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்துக் கத்தி செய்கிறார்கள் என்று கூட வேலை செய்கிற ஒருவர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார்.

பட்டறைக்காரர் நடேசன் அடுப்பை விட்டு எழாமலே கேட்டார். "இன்னா சார், கறி வெட்டவா?"

"இல்ல, பழம் சீவ. சின்னதா வேணும்."

"பழத்துக்கா இம்மாந்தூரம் வந்துகீற?"

"வீட்ல உடம்பு சரியில்ல. மெல்லிசா சீவினாத்தான் சாப்பிடுறா."

நடேசன் எழுந்து வந்தார். சாக்கை விரித்து மூன்று சின்னக் கத்திகளை வைத்தார். முதலாவது கனம். இரண்டாவதன் பிடி கட்டைவிரலுக்கு அடியில் உறுத்தியது. மூன்றாவது விரல் நீளம்தான் இருந்தது. தட்சிணாமூர்த்தி அதன் விளிம்பை வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பிப் பார்த்தார். மழுங்கிய இடம் இருந்தால் அங்கே மினுங்கும். எங்கும் மினுங்கவில்லை.

"கரெக்டா எடுத்த சார்" என்றார் நடேசன். "ஆனா இது எவர்சில்வர் இல்ல. ஈரத்தோட போட்டுட்டுப் போனீன்னா ஒரே நாள்ல துரு ஏறிடும். அறுத்த கையோட தொடச்சி, தேங்கா எண்ணெ ஒரு சொட்டு தடவி வச்சுடு. புதுசுல கொஞ்ச நாளு பழத்துல இரும்பு வாசன வரும். வெங்காயம், எலுமிச்சம்பழம்னு அறுக்க அறுக்கக் கறுத்துப்பூடும். அப்பால வராது."

அன்று மாலை ஒரு பேரிக்காயைச் சீவினார். துண்டுகள் வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிசாக விழுந்தன. மதிவதனி ஒன்றை வாயில் வைத்தாள். முகம் சுருங்கியது.

"இரும்பைச் சப்புன மாதிரி இருக்குங்க."

"கத்தி புதுசுல்லா, அப்படித்தான் இருக்குமாம். ரெண்டு வாரம் பொறு, நான் சரி பண்ணிருதேன்."

மறுநாளிலிருந்து அவருக்கு அதுதான் வேலை. ஷிப்டு முடிந்து வந்ததும் கைகால் கழுவிவிட்டு அடுக்களைத் தரையில் உட்கார்ந்து வெங்காயம் அறுத்தார். எலுமிச்சம்பழத்தைப் பாதியாக்கி அலகின் இரண்டு பக்கமும் தேய்த்தார். வினிகரில் துணியை நனைத்துச் சுற்றி வைத்துப் பார்த்தார். பளபளப்பு போய்ச் சாம்பல் நிறம் வந்தது, பிறகு மயில்கழுத்து மாதிரி ஒரு நீலம் ஓடியது. ஒவ்வொரு நாளும் துடைத்து எண்ணெய் தடவி, கட்டிலில் படுத்திருப்பவளிடம் கொண்டுபோய்க் காட்டுவார். பிறகு ஒரு துண்டு சீவிக் கொடுப்பார்.

"இன்னைக்கு?"

"கொஞ்சம் தேவலை."

பதினோராவது நாள் அவள் மென்று விழுங்கிவிட்டு, "இப்ப வாசனையே இல்லைங்க" என்றாள். அன்று நாலு துண்டு சாப்பிட்டாள். தட்சிணாமூர்த்திக்குக் கண் நிறைந்துவிட்டது. மறுநாள் கேண்டீனில் எல்லோரிடமும் அதைச் சொன்னார். நாலு துண்டு, நாலு துண்டு என்று இரண்டு தடவை சொன்னார்.

அடுத்த கீமோவுக்குப் போனபோது பக்கத்துப் படுக்கையில் சபீனா என்று ஒரு பெண். தண்ணீர் குடித்தால்கூட வாயெல்லாம் இரும்பாக இருக்கிறது என்று நர்ஸ் ஜெபாவிடம் அழுதுகொண்டிருந்தாள்.

"அது மருந்தோட வேலைம்மா. நிறையப் பேருக்கு அப்படித்தான் இருக்கும்" என்றாள் ஜெபா. "இதோ, இந்த அக்காவும் முதல் ஊசியிலேருந்து அதையேதான் சொல்றாங்க. இன்னைக்குக் காலையிலகூடச் சொன்னாங்க. இல்லையா அக்கா?"

மதிவதனி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தட்சிணாமூர்த்தி கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை மூடியைப் போடாமலே வைத்துக்கொண்டு நின்றார்.

ஆட்டோவில் திரும்பினார்கள். தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் வாசலில் அவளைக் கைத்தாங்கலாக இறக்கி, உள்ளே படுக்கவைத்த பிறகுதான் கேட்டார்.

"ஏன் மதி சொல்லல?"

"என்னத்தைச் சொல்ல?" அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "எனக்கு வந்ததுலேருந்து நீங்க முகத்தைத் தூக்கி யாரையும் பாக்கல. கத்தி வந்த பொறவுதான் பழைய மாதிரி பேசுனீங்க. அதைக் கெடுக்கச் சொல்லுதீங்களா?"

"அவ்வளவு இரும்பு வாசனையையும் முழுங்குனியே."

"பழந்தானே. விஷமா?"

அவர் அவள் காலடியில் உட்கார்ந்து, பாதத்தைப் பிடித்தபடியே இருந்தார். அதற்குப் பிறகு அவளைச் சாப்பிடச் சொல்லி அவர் வற்புறுத்தவில்லை. அவளாகவே, "ஒண்ணு சீவுங்க" என்பாள். ஒரு துண்டு, பிறகு அரைத் துண்டு என்று குறைந்தது. ஐப்பசியில் மருத்துவர்கள் இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஒரு மழை நாள் காலையில் அவர் சீவிய துண்டை அவள் வாங்கவில்லை.

"நீங்க தின்னுங்க. நான் பாக்கேன்."

அவர் வாயில் போட்டார்.

"எப்படி இருக்கு, சொல்லுங்க."

"நல்லாருக்கு."

"அப்படி இல்ல. விவரமா."

அவர் மென்றுகொண்டே சொன்னார். முதலில் தண்ணீராக இருக்கிறது என்றார். அப்புறம் இனிப்பு வருகிறது, நாக்கின் ஓரத்தில் மணல் மாதிரி நறநறக்கிறது, தோலுக்குப் பக்கத்தில் லேசாகத் துவர்க்கிறது. அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய தாடை மெல்ல அசைந்தது. அவர் இன்னொரு துண்டு சீவி வாயில் போட்டார்.

ஒன்பது நாள் கழித்து மதிவதனி இறந்தாள்.

காரியமெல்லாம் முடிந்து உறவினர்கள் ஊருக்குப் போனபின், மதிவதனியின் தங்கை ஷோபனா மட்டும் வீட்டை ஒழுங்குபண்ண ஒரு வாரம் தங்கினாள். அக்காவின் சேலைகளை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அத்தான், அக்கா கடைசியா என்ன சாப்பிட்டா?"

"பேரிக்காய்."

"இஷ்டப்பட்டுச் சாப்பிட்டாளா?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஷோபனா அந்த ஒரு சொல்லுக்காகவே காத்திருப்பது தெரிந்தது.

"இல்லம்மா" என்றார். "எனக்காகச் சாப்பிட்டா."

சுடுகாட்டில் அழாத மனிதர் சத்தம் போட்டு அழுதார். ஷோபனா சேலையைக் கீழே வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுக்களையில் குக்கர் நாலைந்து விசில் அடித்தது. இருவருமே எழுந்திருக்கவில்லை.