நெபியோலோவின் துவர்ப்பு

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. ஒருத்தி வஞ்சம் தீர்த்த கதை சொல்கிறேன், ஒன்றையும் மறைக்காமல்.

2006இல் மாமல்லபுரம் கடற்கரை ஓட்டல் ஒன்றில் இத்தாலிய ஒயின்களுக்குப் பொறுப்பாளர் பார்த்தசாரதி. கோட்டு, டை, வாய் நிறைய இத்தாலிய ஊர்ப்பெயர்கள். ஆனால் ஒயினை நாக்கில் வைத்ததே இல்லை, அத்தனை ஆசாரம். புது பாட்டில் திறந்தால், கிளாஸ் கழுவும் செய்யூர் ஜெசிந்தாவுக்கு ஒரு ஸ்பூன் ஊற்றுவார். அவள் ருசியைச் சொல்லுவாள், அவர் எழுதிக்கொள்வார். சாஞ்சியோவேசே திராட்சை என்றால் டஸ்கனி, பார்பேரா என்றால் பீட்மாண்ட் என்று நாலு வருடத்தில் எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

ஒருநாள் முதலாளி ராஜம் அம்மாள் உள்ளே வந்தபோது ஸ்பூன் ஜெசிந்தா வாயில் இருந்தது.

"திருடிக் குடிக்கறா மேடம். இப்பதான் பிடிச்சேன்" என்றார் பார்த்தசாரதி.

வேலை போயிற்று. குடிகாரி என்ற பேர் அவளுக்கு முன்னாலேயே பஸ் ஏறி செய்யூர் போய்ச் சேர்ந்தது. மாதா கோயிலில் அவள் பக்கத்தில் உட்கார ஆளில்லை.

அடுத்த மாதம் ஒயின் அனுப்பும் இத்தாலியர் வந்தார். துணி சுற்றிய இரண்டு பாட்டில்கள் கொண்டுவந்து, ஒன்று பீட்மாண்டின் பரோலோ, மற்றது சிசிலி ஒயின், எது எது என்று கண்டுபிடிக்கச் சொன்னார். பார்த்தசாரதி ஜெசிந்தாவைப் பின்வாசல் வழியாக வரவழைத்திருந்தார்.

"இந்த ஒரு தடவை சொல்லிடு. அப்புறமா வேலைக்கு எடுத்துக்கறேன்."

"சரி சார். எம் பேரு கெட்டுக் கீதே?"

"அதெல்லாம் தானா மறந்துடும்."

அந்தப் பதிலில்தான் அவள் முடிவு செய்தாள். அவர் சமையற்கட்டுக்குக் கொண்டுவந்த இரண்டு கிளாஸையும் ருசித்தாள். ஒன்று கருஞ்சிவப்பு, மற்றது வெளிர்சிவப்பு. "கறுப்பா கீதே, அதான் பரோலோ. வெளுப்பு சிசிலி சரக்கு" என்று வேண்டுமென்றே மாற்றிச் சொன்னாள்.

கூடத்தில் ராஜம் அம்மாள் முன்னால் அவர் அப்படியே முழங்கினார். இத்தாலியர் சிரித்துவிட்டார். பரோலோ நெபியோலோ திராட்சையில் செய்வது. அது இத்தனை கறுக்காது. "குடித்துப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கிளாஸை நீட்டினார். பார்த்தசாரதி கிளாஸை வாங்காமல் பின்னால் நகர்ந்தார்.

சமையற்கட்டு வாசலில் வந்து நின்றாள் ஜெசிந்தா. "அவுரு குடிக்க மாட்டாரும்மா. நாலு வருசமா எம் நாக்குலதான் ருசி பாத்துகினு இருந்தாரு. வெளுப்புதான் நெபியோலோ. கறுப்பு சிசிலியோட நேரோ தாவோலா."

துணியை அவிழ்த்தார்கள். சரியாக இருந்தது.

"அந்த ஆள் வேலையை இன்னிக்கே நீ எடுத்துக்கோ" என்றார் ராஜம் அம்மாள்.

"வேலை அப்பால பாத்துக்கலாம்மா. குடிகாரின்னு சொன்ன வாயி மொதல்ல இதைக் குடிக்கட்டும். குடிச்சிட்டு, நான் திருடலன்னு சொல்லட்டும்."

"பாவம்டி, வுட்டுடு" என்றாள் சமையல் சந்திரம்மா.

அவள் விடவில்லை. பார்த்தசாரதி கண்ணை மூடிக்கொண்டு பரோலோவை விழுங்கினார். பிஞ்சு வாழைக்காயைக் கடித்ததுபோல் துவர்ப்பு நாக்கைப் பிடித்தது. "இவ திருடலை" என்று முனகினார்.

"கேக்கல சார்" என்றாள் ஜெசிந்தா.

இரண்டாம் முறை, ஓட்டல் முழுக்கக் கேட்கச் சொன்னார்.

உங்கள் வீட்டுப் பெண்கள் பேரில் ஒருநாளும் பழி விழாமல், அடுப்பும் விளக்கும் அணையாமல், நன்றாக இருங்கள் கண்ணுகளா.