சோழரின் வீழ்ச்சியும் எங்கள் வீடும்

சோழப் பேரரசு வீழ்ந்ததற்கு, வரலாறு படிப்பித்த பரமலிங்கம் சேர் மூன்று காரணம் சொன்னார். ஓயாத போர். சிற்றரசர்கள் தலையெடுத்தது. பிறகு, கலியாண உறவால் துணை தேடியது. துணைக்கு வந்த ஹொய்சளர் காவிரிக்கரையிலேயே தங்கிவிட்டார்கள்.

"நாலாவது, நாடு சுருங்கச் சுருங்க, மிஞ்சின ஊர்களிலதான் முழுச் சுமையும்..." என்று தொடங்கியவர் வாசலைப் பார்த்தார். "அதை விடுங்கோ. மூண்டு போதும்."

எனக்கு எரிச்சல் வந்தது. 2008இல் வன்னியில், விசுவமடுவில் இருப்பவளுக்கு நாலாவதைக் கொப்பியில் எழுதியா தெரியவேண்டும்? மேற்கிலிருந்து இராணுவம் நெருங்கிக்கொண்டிருந்தது. வெளியே போக இயக்கம் பாஸ் தரவில்லை. வீட்டுக்கு ஒருவர் சண்டைக்கு வரவேண்டும் என்றார்கள். எங்கள் வீட்டில் சண்டைக்குப் பிடிக்கும் வயதில் நான் ஒருத்திதான்.

கலியாணம் கட்டியவர்களை விட்டுவிடுகிறார்களாம் என்று அம்மா கேள்விப்பட்டார். அடுத்த கிழமையே மாப்பிள்ளை பார்த்துவிட்டார்.

"பள்ளிக்கூடம் பிறகும் போகலாம். உயிர் போனா வருமே பிள்ளை?"

மாப்பிள்ளை என் வகுப்பு மதுசன். அவனுடைய அண்ணன் முன்பே சண்டைக்குப் போயிருந்ததால் அந்த வீட்டுப் பக்கம் யாரும் வரவில்லை. அவன் பயமில்லாமல் சைக்கிளில் திரிந்தான். எனக்காகத்தான் சம்மதித்தான். தாலி கட்டும்போது, "மூண்டாவது காரணம்," என்று காதுக்குள் சொன்னான். சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன். வன்னி வழக்கப்படி பெண் வீட்டுக்கே குடிவந்தான். எங்கள் குடும்ப அட்டையில் அவன் பெயரையும் சேர்த்தோம்.

இரண்டு மாதத்தில் பெயர்ப்பட்டியலோடு இருவர் வந்தார்கள். நான் தாலியைக் காட்டினேன்.

"இப்ப அது செல்லாது தங்கச்சி. கட்டினாக்களும் வரவேணும்," என்றான் மூத்தவன்.

மதுசன் முன்னுக்கு வந்தான். "என்ர அண்ணன் முந்தியே சண்டைக்குப் போட்டார்."

"அது அந்த வீடு. நீர் இப்ப இந்த வீடு. இங்கயிருந்து ஒருத்தரும் வரேல்லை. ஆர் வாறதெண்டு நீங்களே சொல்லுங்கோ."

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. நான் அவன் வீட்டுக்குப் போயிருந்தால் இரண்டு பேரும் தப்பியிருப்போம்.

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். "மாப்பிள்ளை வருவார்," என்றார்.

மதுசன் அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். "இல்லை, நான் வாறன்" என்ற சொல் வாய் வரைக்கும் வந்தது. பயத்தில் விழுங்கிவிட்டேன். அவன் கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு சாரத்தை மாற்றிக் காற்சட்டை போட்டுக்கொண்டு வர உள்ளே போனான்.