பெயர் சொன்ன மருமகள்

கிர்கிஸ் வீட்டு மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் ஊர் சிரிக்கும், மாமியார் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். மீரிம் விமானமே ஓட்டினாலும் சொன்னதில்லை. வீட்டில் அவர் எதைச் சொன்னாலும் "சரி மாமா"தான். மாமனாரும் பைலட்தான்; சின்ன விமானக் கம்பெனி, சில நாள் அவரே கேப்டனாகப் பக்கத்தில் வந்து உட்காருவார். அங்கேயும் "சரி மாமா"தான், கேட்கவா வேண்டும்!

அன்று ஓஷ் ஊரிலிருந்து தலைநகர் பிஷ்கேக்குக்குக் கிளம்பியபோது ஓட்டியவள் மீரிம், பக்கத்தில் மாமனார். சக்கரங்கள் உள்ளே போன கையோடு படாரென்று சத்தம். விமானம் வலப்பக்கம் இழுத்தது. இடது காலை அழுத்தி நேராக்கினாள். போனது வலது இன்ஜின் என்று அந்தக் காலுக்கே தெரிந்துவிட்டது. அவளுக்குப் பயமில்லை. இதற்குத்தானே இத்தனை பயிற்சி? மிச்சமுள்ள ஒன்றை வைத்தே ஊர் திரும்பிவிடலாம்.

கெட்ட இன்ஜினை அணைப்பது மாமனார் வேலை. சுவிட்சில் கை வைத்து எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். மற்றவர் சரி என்ற பிறகே அணைக்க வேண்டும். அவர் "இடது" என்றார். இல்லை மாமா, வலது என்றாள் மீரிம். எச்சரிக்கை மணி அலறலில் காதில் விழவில்லையோ, மருமகள் வாயில் சரியைத் தவிர வேறென்ன வரும் என்ற நினைப்போ, மனிதர் நல்ல இன்ஜினை அணைக்கவே போய்விட்டார். அதுவும் போனால் அத்தனை பேரும் மலையில் மோத வேண்டியதுதான்.

"எசென்பெக், கைய எடுங்க."

சூடு பட்டதுபோல் கை விலகியது. அவளைப் பார்த்தார், எதிரே இருந்த மீட்டர் முட்களைப் பார்த்தார். பிறகு அடுத்த சுவிட்சில் கை வைத்து "வலது" என்று சொல்லிவிட்டு, அவள் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"சரி மாமா" என்றாள்.

ஓஷிலேயே அலுங்காமல் இறக்கினாள். வீட்டில் சாப்பாட்டு விரிப்பில் உட்கார்ந்ததும் எசென்பெக்கே எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். மாமியார் புருலுக்கு இன்ஜின் போனதெல்லாம் பெரிதாகப் படவில்லை.

"பேரச் சொன்னியா?"

"சொன்னேன் அத்தை." மீரிம் தலை குனியவில்லை.

"அவ சொல்லலன்னா என் பேரக் கல்லறைக் கல்லுல எழுதி ஊரே வாசிச்சிருக்கும், புருல்" என்றார் எசென்பெக். "பேசாம அவளுக்கு முதல்ல டீய ஊத்து."