ஐந்து நாள் பால்

குழந்தை தும்மியது. கட்டிலில் படுத்திருந்த கனிஷ்கா முழங்கையை ஊன்றி எழுவதற்குள், சன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பிரவீனா, "நூறு சாமி, நூறு" என்று சொல்லிவிட்டாள். பெற்றவள் வாயிலிருந்து வர வேண்டிய வார்த்தை அது. இன்னொரு தும்மல் வந்தால் "இருநூறு" என்றாவது தான் சொல்லிக்கொள்ளலாம் என்று கனிஷ்கா காத்திருந்தாள். பிரவீனாவின் மடியில் குழந்தை உதட்டைச் சப்பிக்கொண்டு தூங்கிப்போனது.

பிரசவம் நல்லபடியாகத்தான் ஆனது. பெண் குழந்தை. அன்று சாயங்காலம் அரை மணி நேரம் அவளிடம் பாலும் குடித்தது. மறுநாள் காலை இட்லியைப் பிட்டு வாயில் வைத்தவள் அப்படியே கண் செருகி, கைகால் வெட்டி இழுக்கக் கீழே சாய்ந்தாள். பிரசவத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் ஏறி வருகிற வலிப்பு என்றார்கள். நான்கு நாட்கள் கண்ணாடிக் கதவு போட்ட தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். அந்த நாட்களில் குழந்தைக்குப் பால் கொடுத்தது பிரவீனா, கணவன் தீனதயாளனின் அண்ணன் மனைவி. அவளுக்கு ஏழு மாதப் பையன் இருந்தான். பவுடர் பால் வாங்கலாமா என்று எல்லோரும் கையைப் பிசைந்து நின்றபோது, "எனக்குத்தான் ஊறுதே, இங்க குடுங்க" என்று மடியில் வாங்கிக்கொண்டாளாம். தீனதயாளன் போர்வெல் லாரியோடு வடக்கே போயிருந்தான். கனிஷ்காவுக்கு அம்மா இல்லை. வேறு யார் இருந்தார்கள்?

நன்றி இருக்கத்தான் செய்தது. ஆனால் மாமியார் வசந்தாமணி அதை இருக்க விடவில்லை. அவர்கள் பக்கம் பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பது வழக்கம். நல்ல குணமுள்ள ஒருவரை விட்டு ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் தொட்டு வைப்பார்கள். வைத்தவர் குணமே குழந்தைக்கு வரும் என்பார்கள். ஆஸ்பத்திரியில் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். "சேன வெக்க உடுலயேன்னு அங்கலாச்சேனுங்க. பிரவீனா பாலே சேனையாட்டம் ஆயிப்போச்சு. அவளாட்டம் பொறுமசாலியா வருவா பாருங்க" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அந்த முதல் நாள் அரை மணி நேரத்தை யாரும் சொல்லவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் உப்பு எவ்வளவு, விருந்தாளிக்கு எந்தத் தட்டு, எல்லாம் "பிரவீனாவக் கேளு"தான். இப்போது தன் வயிற்றில் கிடந்ததும் அவளைத்தான் கேட்கப் போகிறதோ?

வார்டுக்கு மாற்றிய அன்று காலை, நர்ஸ் சித்ரா வந்து கனிஷ்காவை நிமிர்த்தி உட்கார வைத்தாள். வெதுவெதுப்பான துணியால் கல்லாகிக் கிடந்த மார்பை ஒற்றி, கொஞ்சம் பீய்ச்சிவிட்டு, குழந்தையைப் பொருத்தினாள். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு அலறியது. பிரவீனா ஸ்டூலிலிருந்து, "அழுவாத தங்கம்" என்றதும் தலை அந்தக் குரலின் பக்கம் போனது. 

"நீங்க சித்த வெளிய இருங்க" என்றாள் சித்ரா. பிரவீனா எழுந்து போனாள். எத்தனையோ நாளாக யாராவது அவளிடம் சொல்ல வேண்டும் என்று கனிஷ்கா ஏங்கிய சொல். கால் மணி நேரப் போராட்டத்துக்குப் பிறகு குழந்தை நாலு வாய் இழுத்தது.

"வந்துரும். ரெண்டு நாள் உடாம மார்ல வெச்சிருந்தீங்கன்னா உங்களையே தேடும்" என்ற சித்ரா, கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துக்கொண்டே கேட்டாள். "தலவலி இருக்கா? கண்ணு மங்குதா? மேல்வயித்துல வலி?"

பிடரியில் விடியற்காலையிலேயே வலி தொடங்கியிருந்தது. சொன்னால் மறுபடியும் கண்ணாடிக் கதவு. குழந்தை மறுபடியும் அந்த மடிக்கு. இரண்டு நாள், வெறும் இரண்டு நாள்.

"இல்லீங்க சிஸ்டர்."

மதியம் மறுபடியும் கேட்டாள். மறுபடியும் இல்லை என்றாள். "பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கே. டாக்டர்கிட்டச் சொல்லீட்டு வாரேன். அசையாம படுங்க, பாப்பாவ அவங்ககிட்டக் குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு சித்ரா போனாள். கனிஷ்கா கொடுக்கவில்லை. கதவருகே வந்து கை நீட்டிய பிரவீனாவிடம், "தூங்குறாக்கா, நானே வெச்சுக்கறேன்" என்றாள். பிரவீனா பிளாஸ்க்கைக் கழுவப் போனாள்.

இனி நாங்கள் இரண்டு பேர்தான் என்று நினைத்தபடி குழந்தையின் முகத்தைக் குனிந்து பார்த்தாள். கண்ணோரம் மத்தாப்புப் பொறிபோல் என்னவோ பறந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். குழந்தைக்கு ஒரு கண் இருந்தது, ஒரு கன்னம் இருந்தது. மறுபாதி இல்லை. விரலால் தடவினால் இருந்தது, கண்ணுக்கு இல்லை. கைகளிலிருந்து பலம் வடிவது தெரிந்தது. கட்டிலின் உயரமும் கீழே பதித்திருந்த சிமெண்டுத் தரையும் ஒருசேர நினைவுக்கு வந்தன. 

"அக்கா! அக்கா, இவளப் புடிங்க!"

பிளாஸ்க் தண்ணீர்த் தொட்டியில் விழுகிற சத்தம் கேட்டது. பிரவீனா ஓடி வந்து குழந்தையை வாங்கினாள். "ஏங்கண்ணு, என்னாச்சு?"

"பாதிதானுங்கக்கா தெரியுது."

"சிஸ்டர்!" என்று பிரவீனா போட்ட கூச்சலில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். சித்ரா வந்தாள், பின்னாலேயே டாக்டர். இடது பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து, கட்டிலின் இரும்புத் தடுப்பை ஏற்றி, ஊசி மருந்தைக் கையில் மெதுவாக ஏற்றினார்கள். "ஒடம்பெல்லாம் அனலா எரியும். மருந்து அப்படித்தான், பயப்படாதீங்க" என்ற சித்ரா, சிறு சுத்தியலால் முழங்காலைத் தட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எப்ப இருந்து தலவலி?"

"விடியக்கால இருந்து."

"ரெண்டு தடவ கேட்டனே! எதுக்கு மறச்சீங்க?"

கனிஷ்காவின் கண் பிரவீனாவின் கையிலிருந்த குழந்தையிடம் போனது. பிரவீனா அதைப் பார்த்துவிட்டாள். சித்ரா மூச்சை எண்ணிக் குறித்துக்கொண்டு, டிரிப்ஸ் மாட்டுவதற்காக நகர்ந்ததும் பிரவீனா அருகில் வந்து நின்றாள்.

"உம்புள்ளையத் தூக்கீட்டு நான் எங்கடி ஓடப் போறேன்? ஊட்டுல ஒருத்தன வெச்சுக்கிட்டே முழி பிதுங்குது." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "அவனும் இப்ப எங்கிட்ட வாரதில்ல. அஞ்சு நாளா புட்டிப்பால். நேத்து குளிக்க ஊட்டுக்குப் போனப்ப அள்ளி மடியில போட்டேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். மாரப் புடிச்சு ஒரு தள்ளு வேற."

கனிஷ்காவுக்கு ஒரு நொடி இனித்தது. நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் பட்டதுபோலவே இனித்தது. அதற்குப் பிறகுதான் அனல் வந்தது, கழுத்திலிருந்து இறங்கி வயிறு, தொடை, பாதம் என்று. அது மருந்தாகவும் இருக்கலாம்.

குழந்தை விழித்து அழ ஆரம்பித்தது. பிரவீனா தோளில் போட்டுத் தட்டினாள், மாரோடு அணைத்தாள், ஆனால் முந்தானையை விலக்காமல் நின்றாள். அழுகை ஏறிக்கொண்டே போனது. அவள் யாரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று கனிஷ்காவுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று.

"நீங்களே குடுங்கக்கா" என்றாள்.

பிரவீனா ஸ்டூலைக் கட்டிலை ஒட்டி இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அழுகை நின்றது. துணிக்கு வெளியே குழந்தையின் ஒரு பாதம் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. ஊசி குத்தாத கையை இரும்புத் தடுப்புக்கு இடையே விட்டு, அந்தப் பாதத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள் கனிஷ்கா. பிரவீனா கொஞ்சம் நகர்ந்து உட்காரப் பார்த்தாள். விரல்கள் விடவில்லை. ஒவ்வொரு மிடறுக்கும் அந்தச் சின்னக் கட்டைவிரல் மடங்கியது, நிமிர்ந்தது, மடங்கியது.