நானூற்று முப்பது கிராம்

"நீ ஒரு நாளாவது துவக்கைத் தூக்கிப் பாத்தனியாடி?" என்று யதுர்ஷா அக்கா ஒருமுறை என்னைக் கேட்டாள்.

அவள் பெரியம்மாவின் மகள். நான் ஒளித்து எழுதும் கொப்பிகளை வாசிக்கிற ஒரே ஆள். பள்ளிக்கூடத்தை விட்டபின் நான் வாய் திறந்து கதைப்பதும் அவளோடு மட்டும்தான். என் கதையில் வரும் துப்பறிவாளி சிறிதேவி அமெரிக்காவில், மினியாபொலிசில் இருக்கிறாள். அனுமதிப் பத்திரத்தோடு ரிவால்வர் வைத்திருப்பவள்.

"உன்ர சிறிதேவி அதை மூக்குத் துடைக்கிற லேஞ்சி மாதிரிக் கோட்டுக்குள்ளை வைச்சுக்கொண்டு ஓடுறாள். சுத்தப் பொய். அடுத்த அத்தியாயமும் இப்பிடியெண்டால் நான் வாசிக்கமாட்டன்."

எனக்கிருந்த ஒரே வாசகி! அன்றிரவு நித்திரையே வரவில்லை.

மறுநாள் எங்கள் புறநகரான புருசெத்தில் ரயில் ஏறி, நகரத்தில் உள்ள துப்பாக்கிக் கடை ஒன்றுக்குப் போனேன். தெரியாதவர் முன் எனக்குப் பேச்சு வராது என்று தெரியும், அதனால் கேள்வியைத் தாளில் எழுதிப் போயிருந்தேன். கடைக்காரப் பெண் வாசித்துவிட்டுச் சிரித்தாள்.

"கதை எழுதவா? நல்லது. அமெரிக்கா மாதிரியல்ல, இந்த நாட்டில் யாரும் இதைச் சட்டைப்பையில் வைத்துத் திரிய முடியாது."

இரண்டு ரிவால்வர்களை மேசையில் வைத்தாள். இரண்டும் உள்ளங்கை அளவு, இரண்டிலும் ஐந்து குண்டுகள். உருக்கில் செய்தது அறுநூற்றைம்பது கிராம். அலுமினியக் கலவையில் செய்தது நானூற்று முப்பது. அதில் குண்டைத் தட்டும் சுத்தியல் உள்ளே மறைந்திருந்தது, கோட்டுத் துணியில் மாட்டாதாம். தூக்கிப் பார்த்தேன்.

"உன் துப்பறிவாளி தினமும் கொண்டு திரிய இதுதான் சுகம்," என்றாள். "ஆனால் சுட்டால் கையில் துள்ளும். இரண்டாவது குண்டு குறி தவறும்."

வீட்டுக்கு ஓடிவந்து அந்த இரண்டு ரிவால்வர்களின் பாரத்துக்கும் மைசூர்ப் பருப்பை நிறுத்து இரண்டு காலுறைகளில் கட்டினேன்.

"பருப்பை ஏனடி சொக்ஸுக்குள்ளை போடுறாய்? சமைக்கிறதுக்கு வேறை சட்டி இல்லையோ?" என்றாள் அம்மா.

பாரமான காலுறையைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தேன். ரயிலுக்கு ஓடும்போது தொடையில் இடித்தது, கோட்டு ஒரு பக்கம் இழுபட்டது. மூன்றாம் நாள் அதை வேண்டுமென்றே வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். அப்போதுதான் விளங்கியது: சிறிதேவியும் விட்டுவிட்டுத்தான் போவாள், அன்றைக்குத்தான் கொலைகாரன் வருவான்! அதனால் பாரம் குறைந்த காலுறையை மாற்றிப் போட்டேன். இரண்டாம் நாளே அது பையில் இருப்பதை மறந்துபோனேன். சிறிதேவிக்கு இதுதான் சரி. கம்பளிக் கையுறையோடு விசை வளையத்துக்குள் விரல் போகாது என்பதும் ஞாபகம் வந்தது. உடனே கதையில் சிறிதேவியின் வலக் கையுறையைக் கழற்றினேன்.

ஒரே மூச்சில் இருபது பக்கம் எழுதினேன். சிறிதேவியின் முதல் குண்டு காரின் கண்ணாடியில் பட்டது. ரிவால்வர் துள்ளியது, இரண்டாவது தெருவிளக்கில் பட்டுத் தெரு இருண்டது. மிச்சம் மூன்று.

சனிக்கிழமை யதுர்ஷா அக்கா பக்கத்து ஊர் எல்லிங்ஸ்ருட்டிலிருந்து வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் கொப்பியை வாங்கினாள்.

"பருப்பைக் காவித் திரிஞ்சனியாமே? விசரி!"

பிறகு வாசிக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு வரிக்கும் நொட்டை சொல்லுகிறவள் பக்கம் பக்கமாகத் திருப்பிக்கொண்டே போனாள். நான் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"பிள்ளை யதுர்ஷா, உனக்கு ரயிலுக்கு நேரமாச்சு!" என்று அம்மா குசினியிலிருந்து கத்தினாள்.

அக்கா நிமிரவில்லை. வாசித்தபடியே சப்பாத்துக்குள் காலை நுழைத்தாள், ஒரு பக்கத்தைத் திருப்பினாள், முழங்கையால் கதவைத் தள்ளித் திறந்து, கொப்பியோடு போய்விட்டாள்.