முதல் குடத்தை நகர்த்தியவன்

இந்த ஞாயிறு போன ஞாயிறைப் போல ஆகிவிடக் கூடாது. சாமியிடம் சிநேகா கேட்டது அவ்வளவுதான்.

போன ஞாயிறு நடந்தது பெரிய மானக்கேடு. உச்சிப்புளியில் அவள் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடை ஞாயிறு மதியம் பூட்டிக் கிடக்கும். முதலாளியிடம் சாவி வாங்கி, சஃபாவையும் பாண்டீஸ்வரனையும் கூட்டிவைத்துக் கதை விளையாட்டு ஆடுவாள். ஒருத்தி கதை சொல்ல, மற்றவர்கள் அதற்குள் ஆளாக இறங்கி இன்னது செய்கிறேன் என்பார்கள். ஆகுமா ஆகாதா என்பதைப் பகடை சொல்லும். மண்டையை உடைத்து ஒரு கதை கட்டியிருந்தாள்: படகு உடைந்து மணல் தீவில் ஒதுங்கியவர்கள், குடிக்கத் தண்ணீர் இல்லாமல் தவிக்கிறார்கள். மூன்று மணி நேரம் ஓட வேண்டிய கதை. பாம்பன்காரி சஃபா கேட்டுவிட்டுக் கொட்டாவி விட்டாள்.

"கரை மணல கையால தோண்டுறேன். நல்ல தண்ணி ஊறிரும். எங்க வீட்டுப் பின்னாடி அப்படித்தாண்டி எடுக்குறோம்."

கமுதி மிளகாய்க் காட்டில் வளர்ந்த சிநேகாவுக்கு இது எங்கே தெரியும்? பத்தே நிமிடத்தில் கதை படுத்துவிட்டது.

"அடுத்த வாரமும் இப்படின்னா நான் வாலிபால் ஆடப் போறேன்," என்றான் பாண்டீஸ்வரன். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சிநேகாவுக்குச் சுருக்கென்றது. ஹாஸ்டல், கடை, ஹாஸ்டல் என்று ஓடுகிறவளுக்கு இந்த ஊரில் இருந்த சிநேகிதமெல்லாம் அந்த மேசையைச் சுற்றித்தான்.

செல்போனில் இருக்கிற ஏஐயிடம் புதுக் கதை கேட்டாள். அது பனிமலை, ஓநாய்க் கூட்டம் என்று அள்ளிவிட்டது. ராமநாதபுரத்தில் ஓநாய்க்கு எங்கே போவது!

வியாழக்கிழமை, கடலில் முங்கிப் பாசி எடுக்கும் முருகேஸ்வரி ஆதார் கார்டு நகலெடுக்க வந்தாள். தண்ணீருக்குள் அடக்கிய மூச்சையெல்லாம் கரையில் பேசித் தீர்ப்பவள். மெஷின் சூடாவதற்குள் சிநேகா போன ஞாயிறு பட்ட பாட்டைச் சொல்லி, நோட்டை விரித்து, புதிதாக எழுதிய இன்னொரு கடல் கதையை வாசித்துக் காட்டினாள்.

"தப்பிருந்தா சொல்லுங்கக்கா."

"தப்பில்லாத எடத்தச் சொல்றேன், சீக்கிரம் முடியும்," என்றாள் முருகேஸ்வரி. "ஏ புள்ள, கடக்கரைப் பிள்ளைகள்ட்டயே கடலக் காட்டுறியே, கிறுக்கா உனக்கு? உங்க ஊர்ல தண்ணி இல்லைனா என்ன செய்வீக?"

"ஊருணி வத்திட்டா லாரித் தண்ணிதான். குடத்த வரிசையா வச்சுட்டு வீட்டுக்குப் போயிருவோம். ஹாரன் கேட்டா ஓடியாருவோம்."

"ஆளில்லாத குடத்த எவளாச்சும் நகட்டுனா?"

"ஆத்தாடி! ஊரே ரெண்டாயிரும்க்கா."

"அத எழுது. ஞாயித்துக்கிழம சும்மாதான் கெடக்கேன், நானும் வாரேன்."

ஞாயிறு வந்தது. கதையில் பொட்டல் ஊர், உச்சி வெயில், வறண்ட ஊருணி, தாகத்தோடு வந்து நிற்கும் வெளியூர்க்காரர்கள். சஃபா பகடையை உருட்டிக் கெத்தாகத் தோண்டினாள்.

"ரெண்டு ஆள் ஆழம் போயிட்ட. புழுதிதான்," என்றாள் சிநேகா.

சஃபா மறுபடி பகடையை உருட்டினாள். மறுபடியும் புழுதி. அவள் முகம் தொங்கிப்போனது.

"தெருவுல யாரு இருக்கா?" என்றான் பாண்டீஸ்வரன்.

"ஒருத்தருமில்ல. நாப்பது குடம் வரிசையா நிக்குது."

"அப்புறமென்ன? முதல் குடத்த நகட்டிட்டு நம்ம சொம்ப வைக்கிறேன்."

அம்மா பிடித்துவைத்த தண்ணீரைக் குடித்தே வளர்ந்த பிள்ளை, அவனுக்கு என்ன தெரியும், பாவம். சிநேகா பகடையைத் தொடவே இல்லை. மூலையில் இருந்த முருகேஸ்வரியைப் பார்த்தாள். முருகேஸ்வரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"எவன்டா அது, என் கொடத்துல கை வச்சவன்?"

பாண்டீஸ்வரன் நாற்காலியோடு பின்னால் போனான். "நாப்பது வீட்டுக் கதவும் தொறக்குது," என்று சிநேகா மெதுவாகச் சொன்னாள்.

அதன்பிறகு கேட்க வேண்டுமா! கெஞ்சினார்கள், காலில் விழுந்தார்கள், பஞ்சாயத்து வைத்தார்கள். "நான் இந்த ஊரு மருமக," என்று சஃபா ஒரு புளுகு புளுகினாள். "மாமியா பேரச் சொல்லு," என்று முருகேஸ்வரி மடக்கினாள். வாங்கிவைத்த டீ ஆறிப்போனது. மூன்று மணி நேரம் கழித்து வரிசையின் கடைசியில் நாற்பத்தோராவது இடம் கிடைத்தபோது சஃபா கைதட்டிக் கூத்தாடினாள்.

"தொண்ட வறண்டு போச்சுடி," என்று மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். அதற்குக் கை நீட்டியிருந்த பாண்டீஸ்வரன், முருகேஸ்வரியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையை மடக்கிக்கொண்டான். சஃபாவின் தம்ளருக்குப் பின்னால் தன் தம்ளரை ஒழுங்காக வைத்துக் காத்திருந்தான். சிநேகாவுக்கு வயிறு குளிர்ந்தது.

வாலிபால் பேச்சை யாரும் எடுக்கவில்லை. கிளம்பும்போது சிநேகா தம்ளர்களைக் கழுவ எடுத்தாள்.

"என்னோடத நகட்டாத," என்றான் பாண்டீஸ்வரன். "அடுத்த ஞாயித்துக்கு எடம் போட்டுருக்கேன்."